ஏறினாலும் நாற்பது, இறங்கினாலும் நாற்பது

அம்பாசமுத்திரத்துக்காரிக்கு ஆற்றைத் தாண்டினாலே அயல்தேசம்தான். அப்படிப்பட்ட என்னைத் திருப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனது என் தங்கை சந்திராவின் மணிக்கட்டு. அங்கே பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு சந்தில் அவள் மெஸ் நடத்துகிறாள். கழுவிவிட்ட சமையல்கட்டில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். "ஏக்கா, மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் வந்து நில்லேன்" என்று போனில் அழுதாள். கூடப் பிறந்தவள் அழுதால் போகாமல் இருக்க முடியுமா? இரண்டு சேலையை மடித்துப் பையில் போட்டேன், கிளம்பிவிட்டேன்.

போய் இறங்கிய அன்றைக்கே மத்தியானப் பந்திக்கு நான்தான் கரண்டி பிடித்தேன். சந்திரா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, மகாராணி மாதிரி உத்தரவு போட்டாள். ரசம் அவள் ஏற்பாட்டில் கொதித்தது. அதைக் குடித்த வடக்கத்திப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் இந்தியில் என்னமோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். பக்கத்துப் பையனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "தக்காளி இதுல குளிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருச்சுன்னு சொல்றான், ஆன்ட்டி" என்றான்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் கரண்டி பிடித்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பந்தி முடிந்ததும் சந்திராவைப் பிடித்தேன். "தக்காளி எண்பது ரூவா விக்குதுக்கா. வெங்காயம், கத்திரிக்கா எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி ஏறிக் கிடக்கு. நான் எங்க போயி முட்டிக்கிட?" என்றாள். "அப்போ சாப்பாட்டு விலையில அஞ்சு ரூவா கூட்டு" என்றேன். அதற்குப் பதிலைச் சாயங்காலம் வந்த கம்பெனி சூப்பர்வைசர்தான் சொன்னார்.

அவர் கம்பெனி ஆட்கள்தான் மெஸ்ஸில் பாதிக்கு மேல். "ஏனுங்கக்கா, ரசம் சித்தெ தண்ணியா இருக்குதுன்னு பசங்க சொல்றாங்க. அதுக்குன்னு விலையையும் ஏத்திப் போடாதீங்க. ஏத்துனா மொத்த பேட்ச்சையும் பொறத்தாலத் தெரு மெஸ்ஸுக்கு மாத்திருவனுங்க. அப்பறம் வருத்தப்படக் கூடாதுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார். இந்த ஊரில் மிரட்டலுக்குக்கூட ஒரு 'ங்க' உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சந்திரா கண்ணைத் துடைத்தாள். அந்த பேட்ச் போனால் மெஸ்ஸை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான், வாடகைகூடத் தேறாது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. "ஏட்டி, அழாத. நான் ஊருக்குத் திரும்புற வரைக்கும் சாப்பாட்டு விலையும் ஏறாது, ரசத்துல தக்காளியும் குறையாது" என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

மறுநாள் விடியுமுன் உழவர் சந்தைக்கு ஓடினேன். விலைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பதில்லை. வெளிக்கடையைவிட விலை குறைவுதான். ஆனாலும் எனக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை. போதாக்குறைக்குப் பாஷை வேறு. "தடியங்கா இருக்கா?" என்று கேட்டேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைப் பூசணியைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் இருந்த மஞ்சள் பூசணியைக் காட்டி, "அரசாணிக்காய் எடுத்துக்கங்க அம்மிணி, நல்லா இருக்கும்" என்றார். கல்யாணப் பந்தலில் நடுகிற அரசாணிக்கால்தான் எனக்குத் தெரியும். அதைக் குழம்பு வைக்கிற ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன்.

அந்த அம்மாதான் வழி சொன்னார். தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் பக்கம் போனால் தோட்டத்துக்காரர்கள் ரோட்டோரமே கடை போட்டிருப்பார்கள் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். தோட்டத்து வாசலிலேயே வாங்கினால் விலை பாதிதானே இருக்கும்?

அடுத்த நாள் காலைப் பலகாரத்தை முடித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வண்டி போகிறது, போகிறது. மில்லும் கம்பெனியுமாக வருகிறது, தோட்டத்தைக் காணோம். கடைசியில் பெரிய கோபுரம் ஒன்று தெரிந்தது. கண்டக்டரிடம் கேட்டால், "அவிநாசி வந்துருச்சுங்க, எறங்குங்க" என்கிறார். "நான் கேட்டது அவிநாசிபாளையம் தம்பி." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ அம்மிணி, அது தெக்கால. நீங்க நேர் எதுர்க்க வந்துட்டீங்க." பெயரில் ஒரு பாளையத்தை விட்டதற்கு அரை நாள் போச்சு. வந்தது வந்தோம் என்று சிவனைக் கும்பிட்டு, "நீராவது தக்காளி விலையைப் பார்த்துக்கொள்ளும்" என்று முறையிட்டுவிட்டு, மத்தியானப் பந்திக்கு அரக்கப் பரக்கத் திரும்பினேன். சந்திரா சிரித்த சிரிப்பில் அவள் கையே வலித்திருக்கும்.

மறுநாள் விடுவேனா? இந்த முறை பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏறினேன். அவிநாசிபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கடை. 'தோட்டத்துக் காய்' என்று கொட்டை எழுத்தில் பலகை. ஆவலாகப் போய் விலை கேட்டேன். தக்காளி தொண்ணூறு என்றார் கடைக்காரர். டவுனைவிடப் பத்து ரூபாய் அதிகம்! "நம்ம தோட்டத்துதுங்க, இப்பப் பறிச்சது. கார்ல போறவங்க கேட்டுக் கேட்டு வாங்கறாங்க" என்றார்.

பக்கத்தில் பார்த்தேன். முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. "அண்ணாச்சி, இந்த முட்டைக்கோசும் உங்க தோட்டத்துலதான் வெளைஞ்சுதா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஊட்டியில இருந்து வர்றதுங்க" என்றார். "அப்போ ஊட்டி வரைக்கும் உங்க தோட்டம்தானா?" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார், விலையை மட்டும் குறைக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பெண் மொபட்டில் தக்காளிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. பெட்டியை இறக்கினாள், காசை வாங்கினாள், வாயைத் திறக்காமல் வண்டியைத் திருப்பினாள். நான் ஓடிப் போய் மறித்தேன். கிலோவுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டேன். "முப்பத்தஞ்சுங்க" என்றாள். வேப்பமரத்து நிழலுக்கு ஐம்பத்தைந்து ரூபாயா? "ஏம்மா, சந்தைக்கு நீயே கொண்டு போனா என்ன?" என்றேன். "சந்தைக்குன்னா கோழி கூப்படறதுக்கு முந்தி போவோணும். மாட்ட யாருங்க கறக்கறது? ஊட்டுக்காரர் லாரிக்குப் போயிட்டாருங்க" என்றாள். அவள் பெயர் தங்கமணி. நான் நாற்பது தருகிறேன், எனக்குத் தா என்றேன். யோசித்தாள். தோட்டத்துக்கு வழி சொன்னாள். "நாளைக்குப் பொழுதோட வாங்க அம்மிணி, பறிச்சு வெக்கறேன்" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பொழுதோட வா என்றால் எங்கள் ஊரில் நேரத்தோடு வா, சுணங்காதே என்று அர்த்தம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, பொழுது புலரும்போதே தோட்டத்தில் போய் நின்றேன். நாய் குரைத்தது. தங்கமணி மாட்டு மடியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏனுங் அம்மிணி, இந்நேரத்துக்கு? ஊட்டுல ஏதாச்சுங்களா?"

"நீதான பொழுதோட வரச் சொன்னே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொழுதோடன்னா சாயங்காலமுங்க! பொழுது எறங்குன பொறகு. பறிக்கற ஆளு ரெண்டு பேரு அப்பத்தான் வர்றாங்க. இன்னும் ஒரு பழங்கூடப் பறிக்கலீங்களே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நேற்று முன்தினம் ஊரைத் தப்பவிட்டேன், இன்றைக்குப் பொழுதையே தப்பவிட்டேன். மத்தியானப் பந்திக்குத் தக்காளி வேண்டும். வெறுங்கையோடு போனால் சந்திரா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். சேலையைத் தூக்கிச் செருகினேன். "பெட்டியைக் கொடு. நானே பறிச்சுக்கிடுதேன்" என்றேன். "உங்களுக்கு ஆகாதுங்க, இடுப்பு புடிச்சுக்கும்" என்றாள். "என் இடுப்பு என் பாடு" என்றேன்.

இடுப்பு பிடித்துக்கொண்டதென்னவோ நிஜம். செடி முழுக்கப் பனி. காம்பைத் திருகிப் பறிக்க வேண்டும், இழுத்தால் கிளையே கையோடு வந்துவிடும். ஒரு சால் முடிவதற்குள் விரலெல்லாம் பச்சைக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. சோப்புப் போட்டாலும் அது போகவில்லை, எலுமிச்சம்பழம் தேய்த்துத்தான் போயிற்று. ஒரு பெட்டி நிறைந்தபோது, கிலோ எண்பது என்று இதுவரைக்கும் யாரை வைதேனோ அவர்களிடமெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேப்பமரத்தடிக்காரரை மட்டும் சேர்க்கவில்லை.

பறித்துக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஒரு கம்பெனி வேன் போனது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். தங்கமணியும் ஆட்டினாள். "அதுல பாதிப்பேரு போன வருசம் என்ற தோட்டத்துல காய் பறிச்சவங்கதானுங்க. கம்பெனியில பேனுக்கடியில வேலை, பிஎப் புடிக்கறாங்க. வெயில்ல எதுக்கு வர்றாங்க? நானும் அவங்களக் குத்தஞ் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கற ரெண்டு பேரையும் எச்சாக் கூலி சொல்லித்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன். விலையில பாதி அதுக்கே போயிருதுங்க" என்றாள்.

வேலை முடிந்ததும் அரிசியும்பருப்புஞ் சோறு போட்டாள். சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, மேலே ஒரு கரண்டி நெய். எங்கள் ஊர் சொதிச் சாப்பாட்டுக்கு முன்னால் எதையும் நான் மெச்சுகிறவள் இல்லை. அன்றைக்கு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே பேரத்தை முடித்தேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் வருவேன். நானே பறிச்சுக்கிடுதேன், உனக்குப் பறிகூலி மிச்சம். கிலோ நாற்பது. ஏறினாலும் நாற்பது, இறங்கினாலும் நாற்பது. சம்மதமா?" என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், இறங்குவதைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. விலைதான் ஏறிக்கொண்டே போகிறதே. பேச்சு அழகாக இருக்கட்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். தங்கமணி கையைக் கழுவிவிட்டு வந்து, "சரிங்க. சொல்லிப் போட்டா சொன்னதுதானுங்க" என்றாள்.

அடுத்த வாரம் தக்காளி நூறைத் தொட்டது. மெஸ்ஸில் ரசம் மணத்தது, தக்காளிக் குழம்பு, தக்காளிக் கடைசல் என்று தினம் ஒன்று போட்டேன். அந்த வடக்கத்திப் பையன் இரண்டாவது தரம் ரசம் வாங்கிக் குடித்தான். பொறத்தாலத் தெரு மெஸ்ஸில் விலை ஏறிவிட்டதென்று அங்கிருந்தும் நாலைந்து பேர் வந்தார்கள். சூப்பர்வைசர் ஏப்பம் விட்டார். சந்திரா என்னைப் பார்த்து, "நீ மனுஷியே இல்லக்கா" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்பானேன்.

ஒருநாள் நான் பறித்துக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்துக் கடைக்காரர் மினி ஆட்டோவோடு வந்துவிட்டார். "தங்கமணி, எழுபது தர்றேன், இருக்கறதெல்லாம் குடு" என்றார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எழுபது எங்கே, நாற்பது எங்கே? என்னைக் கண்டதும் அவருக்கு ஊட்டி முட்டைக்கோசு நினைவு வந்திருக்கும், முறைத்தார். தங்கமணி பால் கேனைக் கழுவிக்கொண்டே, "இந்த அம்மிணிக்குச் சொல்லிப் போட்டனுங்க. அவங்களுக்கு மிஞ்சுனா எடுத்துக்கங்க" என்றாள். அன்றைக்கு எனக்குப் போக மிஞ்சிய ஒரு பெட்டியைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து குனிந்து பறித்தேன்.

அப்புறம்தான் சனியன் பிடித்தது. வெளி மாநிலத்திலிருந்து லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நூறு அறுபதாகி, முப்பதாகி, கடைசியில் தெருத்தெருவாக ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து "நாலு கிலோ அம்பது" என்று கூவினார்கள். நான் மட்டும் நாற்பது ரூபாய்க்குத் தக்காளி பறித்து பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுக் கொண்டுவந்தேன். கண்டக்டரே, "அக்கா, இத ரோட்டுல கொட்டறாங்களே" என்றார்.

சந்திரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இருபது வருஷம் இருந்ததில் அவளுக்கும் இந்த ஊர் 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது. அழுகையோ சண்டையோ வந்தால் மட்டும் திருநெல்வேலி திரும்பி வரும். "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். வாசல்ல பன்னெண்டு ரூவாய்க்குக் கிடக்கதை விட்டுட்டு, இடுப்பொடியப் பறிச்சு நாப்பது குடுக்கியே! யாரு மெஸ் இது?" என்று பிடித்துக்கொண்டாள்.

"நூறு ரூவா வித்தப்ப நாற்பதுக்குச் சாப்பிட்டோம்லா? அப்ப இனிச்சுதா?"

"அது அவ ஏமாளித்தனம்!"

கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எழுபது ரூவாயைக் கண் முன்னால வேண்டாம்னு சொன்னவ ஏமாளி இல்லட்டி. நான் சொன்ன சொல்லுக்கு நின்னாத்தான் ஊருக்குப் போவேன். இல்லேன்னா அவ தோட்டத்துலேயே கூலிக்கு நின்னு கழிப்பேன்" என்றேன். அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் பாயை விரித்தோம்.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "கடைசிக் கணக்கை நானே முடிச்சுக்கிடுதேன்" என்று சந்திராவும் கூட வந்தாள். வழியெல்லாம் எனக்குக் கேட்கும்படியாக ஜன்னலிடம் முணுமுணுத்தாள். எப்படியாவது இந்தப் பேரத்தை முறித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் தங்கமணி பழுத்த தக்காளியைக் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "அம்மிணி, இன்னிக்குக் காசு வேண்டாமுங்க. வேணுங்கறத பறிச்சுட்டுப் போங்க. பன்னெண்டு ரூவாப் பழத்துக்கு நாப்பது வாங்கித் தின்னா எனக்குச் சோறு எறங்காதுங்க."

சந்திராவின் முகம் மலர்ந்தது. நான் அவள் காலை மிதித்தேன். "அது நடக்காது. ஏறினப்ப நீ நின்னே. இறங்குறப்ப நான் ஓடவா?" என்று பணத்தை எடுத்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் நீட்ட, அவள் நகர, செடிக்கு நடுவே இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சுற்றினோம்.

"இதோட இதெல்லாம் விட்டுப் போடலாம்னு இருக்கறனுங்க" என்றாள் தங்கமணி. "செடியப் புடுங்கிட்டு, திங்கக்கெழமையில இருந்து நானும் அந்த வேன்ல ஏறிக்கறேன். பனியன் செக்கிங்ல வேலை இருக்குதுன்னாங்க."

பணத்தை நீட்டிய கையை இறக்கினேன். சந்திராதான் பேசினாள். "ஏங்க, விலை மறுபடி ஏறுமுங்களா?"

"ஏறாம? என்னைய மாதிரி எல்லாருஞ் செடியப் புடுங்கிப் போட்டா தானா ஏறுமுங்க."

"அப்ப உங்ககிட்ட தக்காளி இருக்காது."

"நானே கம்பெனியில இருந்தா தக்காளி ஏதுங்க?"

சந்திரா கட்டுப் பிரித்த கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே செடியைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் அந்த சூப்பர்வைசர் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திடீரென்று என் கையிலிருந்த பணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். போச்சு, பையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தங்கமணியின் சட்டைப் பையில் திணித்துவிட்டாள்.

"அக்கா நாளைக்கு ஊருக்குப் போயிருவாங்க. இனிமே பேச்செல்லாம் என்கூடத்தானுங்க. நாப்பதுன்னா நாப்பது. பறிக்க எனக்கு ஆகாது, ஞாயித்துக்கெழமை எங்க மெஸ் பசங்க நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன், அன்னிக்கு அவங்களுக்குச் சாப்பாடு என் பொறுப்பு. நடுவுல நீங்க பறிச்சு பஸ்ல ஏத்தித் தாட்டி விடுங்க, அதுக்குக் கூலி தனி. கத்திரிக்கா, வெண்டைக்காயும் நட்டுக் குடுங்க, அதுக்கும் இப்பவே ஒரு விலை பேசிக்கலாம். ஒண்ணே ஒண்ணுதானுங்க, நீங்க வேன்ல ஏறக் கூடாது."

மாடு தக்காளியைச் சப்புக் கொட்டித் தின்றுகொண்டிருந்தது. தங்கமணி மிச்சமிருந்த கூடையைக் காலால் மாட்டுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். அப்புறம் என்னைத் தாண்டிச் சந்திராவைப் பார்த்தாள்.

"அப்ப கத்திரி நாத்துக்கு இன்னிக்கே சொல்லிப் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.